திரும்பி வர சைக்கிள் இருக்கிறது

ஒருவழி டிக்கெட்டோடு ஒருவர் வந்து நின்றால் உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். புருவம் லேசாக ஏறும். பாஸ்போர்ட் பக்கங்களைப் புரட்டும் வேகம் குறையும். "ரிட்டன் டிக்கெட் எங்கே?" என்று கேட்கும் குரலில், பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்தவனை வாசலில் மடக்கும் வாத்தியார் வந்து உட்கார்ந்துகொள்வார். உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அந்த முகம் இருந்தது. இருபத்தேழு வருடம் விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்டரில் நின்றேன். முதலில் மலேசியாவின் பழைய சுபாங் விமான நிலையத்தில், பிறகு புதிதாகத் திறந்த செப்பாங்கில். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். இப்போது காலையில் பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயிலுக்குப் போகிறேன். அங்கேயும் யாராவது பெட்டியோடு வந்தால் எடை எவ்வளவு இருக்கும் என்று கண் தானாகக் கணக்குப் போடுகிறது.

"ஸ்டெல்லாக்கா, புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்கு டாக்குமென்ட் செக் பத்திப் பேசுங்க" என்று கேட்டார்கள். எந்த நாட்டுக்கு எந்த விசா, பாஸ்போர்ட் எத்தனை மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் திரையில் இருக்கிறது. நான் பேசி முடிப்பதற்குள் அதில் இரண்டு மாறியிருக்கும். திரையில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. அதை நான் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். முதலில் அந்தத் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

சுபாங்கில் என் முதல் வருடம். கிள்ளான் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். கொழும்புக்கு ஒருவழி டிக்கெட். நெஞ்சோடு ஒரு பிளாஸ்டிக் பைலை அணைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குப் போறீங்க?"

"வேலைக்கு மேடம்."

அவ்வளவுதான். என் மண்டைக்குள் எல்லா மணியும் அடித்தது. வேலைக்குப் போகிறார், வேலை விசா இல்லை, திரும்பி வர டிக்கெட் இல்லை. பயிற்சியில் முதல் மதிப்பெண் வாங்கியவள் அல்லவா நான்! ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. "அடுத்தவங்க வாங்க" என்றேன். அவர் போய் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். என் மனதில் ஒரு பெருமை வேறு. ஒரு கள்ள ஆசாமியைத் தடுத்துவிட்டேன் என்று.

விமானம் போய் அரை மணி நேரம் கழித்து எங்கள் மேலதிகாரி அந்தப் பக்கம் வந்தார். அவர் ஒரு மலாய்க்கார அம்மா. பெயர் சொல்ல வேண்டாம், விளம்பரம் பிடிக்காதவர். நாங்கள் எல்லோரும் அவரைக் 'காக்' என்றுதான் கூப்பிடுவோம், மலாயில் அக்கா என்று அர்த்தம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த இளைஞர் பைலைத் திறந்து நீட்டினார். காக் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். விரலால் வா என்று கூப்பிட்டார்.

பைலில் கப்பல் ஊழியருக்கான மாலுமி அடையாளப் புத்தகம் இருந்தது. கப்பல் கம்பெனியின் கடிதம் இருந்தது. இவர் கொழும்பில் எங்கள் கப்பலில் ஏறுகிறார், வேலை முடிந்ததும் திருப்பி அனுப்புவது எங்கள் பொறுப்பு என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. கப்பலில் ஏறப் போகிறவருக்கு ரிட்டன் டிக்கெட் எதற்கு? கப்பல் எந்த ஊரில் அவரை இறக்கும் என்று அவருக்கே தெரியாது!

காக் சத்தம் போடவில்லை. "தான்யா டூலு" என்றார். முதலில் கேள் என்று அர்த்தம். "நீ கேட்டே. பதில் பாதி வந்ததும் காதை மூடிட்டே" என்றார். பிறகு அந்த இளைஞரிடம் என்னையே மன்னிப்புக் கேட்க வைத்தார். அடுத்த நாள் விமானத்தில் இடம் போட்டுக் கொடுத்தார். கொழும்பில் அன்று பேய்மழை பெய்து சரக்கு ஏற்றுவது தாமதமானதால் கப்பல் இன்னும் துறைமுகத்திலேயே நின்றது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வேலையைக் காப்பாற்றியது மழை. என் கையில் விட்டிருந்தால் போயிருக்கும்.

அன்றிலிருந்து ஒருவழி டிக்கெட் வந்தால் "ரிட்டன் எங்கே?" என்று நான் கேட்பதில்லை. "அங்கேயிருந்து எங்கே போறீங்க?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்பேன். இரண்டாவதுதான் கஷ்டம்.

இப்போது ஆறுமுகம் அண்ணன் கதைக்கு வருகிறேன். ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பு நடந்தது. அவரிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். "நல்லா சொல்லுங்க சிஸ்டர், சைக்கிள் கலரையும் சொல்லுங்க" என்றார். சிவப்பு.

அன்று காலை நான் ஷிப்ட் சூப்பர்வைசர். அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் ஆட்களில் ஒருவர் சரியாகப் பார்க்காமல் ஏற்றிய பயணியை வெளிநாட்டில் இறங்க விடாமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பாவம், அந்த மனிதர் ஓர் இரவும் பகலும் அந்த ஊர் விமான நிலையத்தின் சன்னலில்லாத அறையில் உட்கார்ந்திருந்தார். நிறுவனத்துக்கு அபராதம். எங்களுக்கெல்லாம் எச்சரிக்கைக் கடிதம். இன்னொன்று நடந்தால் பெயர் குறித்து விசாரணை என்று சொல்லியிருந்தார்கள். அதனால் கவுன்டரில் எல்லோரும் விறைப்பாக நின்றோம்.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, இன்று உங்களோடு வேலை பார்க்கும் பிரியா என்னைக் கூப்பிட்டாள். அப்போது அவள் சேர்ந்து ஆறு மாதம்.

"அக்கா, சைகோன் ப்ளைட். ஒன்வே. மெஷின்ல செக்-இன் பண்ண விடல, இங்க அனுப்பிருச்சு. என்னா கேட்டாலும் அங்கிள் பெட்டியத் தட்டிக் காட்டுறாரு."

போய்ப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும், கறுத்து மெலிந்த மனிதர். தலைக்குத் தொப்பி, காலில் புதுச் சப்பாத்து. பக்கத்தில் அவர் உயரத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி. பதினொன்றரைக்கு விமானம். பத்தரைக்குக் கவுன்டர் மூடிவிடும். என் கையில் நாற்பது நிமிடம் இருந்தது.

"வணக்கம்ணே. சைகோன்ல இறங்கி எங்க போறீங்க?"

"நாலு நாளு வியட்நாம். காத்து எதிர்த்து அடிச்சா அஞ்சு நாளு. அப்புறம் கம்போடியா. அப்புறம் தாய்லாந்து. அப்புறம் வீடு லா."

"எதுல போறீங்க?"

அட்டைப்பெட்டியைத் தட்டினார். "இதுலதான். சைக்கிள்."

நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவரே சொன்னார். போர்ட் கிள்ளானில் முப்பத்துமூன்று வருடம் லோரி ஓட்டியவர். துறைமுகத்திலிருந்து சரக்கேற்றிக்கொண்டு வடக்கே தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஹீத்தாம் வரை போவார். அங்கே இறக்கிவிட்டு வெறும் லோரியோடு திரும்புவார். மறுபடி சரக்கு, மறுபடி எல்லை, மறுபடி திரும்பல்.

"அந்த கேட்டுக்கு அந்தாண்ட என்னா இருக்குன்னு முப்பத்திமூணு வருசமா எட்டி எட்டிப் பாத்திருக்கேன் சிஸ்டர். ஒரு நாளு தாண்டினதில்ல. பென்ஷன் ஆனதும் முடிவு பண்ணிட்டேன். இங்கேருந்து தாண்ட மாட்டேன், அந்தப் பக்கத்துலேருந்து வந்து தாண்டுவேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். எந்த ஊரில் தொடக்கம், எந்த ஊரில் தங்கல், எத்தனை கிலோமீட்டர் என்று, வியட்நாம் ஊர்ப் பெயர்களையெல்லாம் தமிழில் அழகாக எழுதி வைத்திருந்தார். ஒரு வருடமாக ஞாயிறுதோறும் போர்ட் கிள்ளானிலிருந்து கோலா சிலாங்கூர் வரை ஓட்டிப் பழகியிருக்கிறார். பொய் சொல்பவர் தயாரிக்கும் நோட்டு அல்ல அது. ஆனால் சைகோனில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாதே!

திரையைப் பார்த்தேன். மலேசியர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் நாட்டை விட்டு வெளியேறுவதற்கு டிக்கெட் காட்ட வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. மிதிவண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"டிக்கெட் இல்லாம ஏத்த முடியாதுண்ணே" என்றேன்.

அவர் முகம் வாடியது. பிரியா என் காதில் குசுகுசுத்தாள். "அக்கா, ஒரு ரிட்டன் டிக்கெட் போட்டுட்டு, அங்க இறங்கினதும் கேன்சல் பண்ணிடச் சொல்லுங்க லா. எல்லாரும் அதானே பண்றாங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. என் பெயரும் எங்கும் வராது. ஆனால் லோரி டிரைவருக்குக் காது கூர்மை.

"அது எப்படிம்மா? போக மாட்டேன்னு தெரிஞ்சே டிக்கெட்டைக் காட்டுறதா? அங்க ஆபீசர் 'இந்த ப்ளைட்லதான் திரும்பிப் போறியா'ன்னு கேட்டா நான் என்னா சொல்லுவேன்? எனக்குப் பொய் சொன்னா வேர்த்துக் கொட்டிடும். என் வீட்டுக்காரி பாக்கியத்தைக் கேட்டுப் பாருங்க."

"அப்ப பஸ் டிக்கெட் அங்கிள்? சைகோன்லேருந்து கம்போடியாவுக்கு பஸ் இருக்கு" என்றாள் பிரியா.

"பஸ்ஸு போகும்மா. நான் போக மாட்டேனே."

பிரியா என்னைப் பார்த்தாள். மணி பத்தாகிவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பயணியின் வாயில் பொய்யை வைத்து அனுப்புவது சுலபம். ஆனால் அதைச் சுமந்துகொண்டு இரண்டு மணி நேரம் பறந்து, சீருடைக்காரர் முன்னால் போய் நிற்கப் போவது நாமல்ல. இந்த மனிதர் வேர்க்க வேர்க்க நின்று உளறினால், சைக்கிள் இங்கே திரும்பி வரும், இவர் அந்தச் சன்னலில்லாத அறைக்குப் போவார். எல்லாம் என் பொறுப்பு என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஏற்றிவிடும் வழியும் உண்டு. அந்தக் காகிதம் நிறுவனத்தைக் காப்பாற்றலாம். இவரைக் காப்பாற்றாது.

"அண்ணே, அஞ்சு நிமிசம் குடுங்க" என்று சொல்லிவிட்டு, நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். சைகோன் விமான நிலையத்தில் எங்கள் நிறுவன அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அங்கிருந்தவர் மெல்லிய குரல்காரர், வியட்நாமியர். நேரில் பார்த்ததில்லை, போனில் பல வருடப் பழக்கம். ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு, "எந்த வழியாகக் கம்போடியாவுக்குள் போகிறார்?" என்று கேட்டார்.

நோட்டைப் புரட்டினேன். நான்காம் நாள் பக்கத்தில் 'சாவ் டோக்' என்று இருந்தது. படித்துச் சொன்னேன்.

"அப்படியானால் படகு இருக்கிறதே! சாவ் டோக்கிலிருந்து ப்னோம்பென்னுக்கு மெக்கோங் ஆற்றில் தினமும் பயணிகள் படகு போகிறது. எல்லைச் சோதனை ஆற்றங்கரையிலேயே நடக்கும். சைக்கிளையும் ஏற்றுவார்கள். பெயரும் தேதியும் உள்ள டிக்கெட் என்றால் இங்கே ஏற்றுக்கொள்கிறார்கள், பார்த்திருக்கிறேன்."

"இதையே ஒரு மெசேஜாக அனுப்புவீர்களா? உங்கள் பெயரோடு?"

"அனுப்புகிறேன்."

இதை மறக்காதீர்கள். நல்ல மனிதர் போனில் சொன்ன நல்ல வார்த்தை, போனை வைத்ததும் காற்றாகிவிடும். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மெசேஜ் வந்ததும் அதைப் பயணப் பதிவில் ஏற்றிவிட்டு வெளியே வந்தேன். மணி பத்து ஏழு.

"அண்ணே, படகுல போவீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே தலையாட்டவில்லை. தொப்பியைக் கழற்றி யோசித்தார். நான் மணியைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"மெக்கோங் ஆறா?"

"ஆமாண்ணே."

"ஆத்துக்கு மேல சைக்கிள் ஓட்ட முடியாதுல்ல?"

"முடியாதுண்ணே."

"அப்ப படகு சரிதான். அது ஏமாத்து இல்ல." தொப்பியை மாட்டிக்கொண்டார். "அஞ்சாவது நாளுக்குப் போடுங்க. காத்து அடிச்சாலும் அடிக்காட்டியும் நான் அங்க இருப்பேன்."

பிரியா கவுன்டரிலேயே கை தட்டிவிட்டாள். ஆனால் அடுத்த சிக்கல் உடனே வந்தது. டிக்கெட்டை இணையத்தில் வாங்க வேண்டும். அவர் போனில் அந்த வசதியெல்லாம் இல்லை. கார்டு, கடவுச்சொல் எல்லாம் வீட்டில் அவர் மனைவி பாக்கியத்திடம்.

"அக்கா, என் போன்லயே போட்டுடுறேன்" என்றாள் பிரியா.

"கூடாது" என்றேன். நீங்களும் அப்படிச் செய்யக் கூடாது. எவ்வளவு இரக்கம் வந்தாலும் பயணிக்கு நம் கையால் டிக்கெட் வாங்கிக் கொடுக்காதீர்கள். நாளைக்கு ஏதாவது ஆனால், பயணியை அனுப்பி வைத்ததே நீதானே என்று கேள்வி வரும்.

"அண்ணே, வீட்டுக்குப் போன் போடுங்க."

அதுவரை தைரியமாக இருந்தவரின் கண்ணில் அப்போதுதான் பயத்தைப் பார்த்தேன்.

"வேணாம் சிஸ்டர். ஏர்போர்ட்ல சின்னப் பிரச்சினை வந்தாலும் நேரா வீட்டுக்கு வந்துடணும், சைக்கிளைத் தூக்கிக் குடுத்துடணும்னு சொல்லித்தான் விட்டிருக்கா. ஒரு வருசம் கெஞ்சி வாங்குன பெர்மிஷன். இப்ப டிக்கெட் இல்லன்னு தெரிஞ்சா அவ்வளவுதான். வீட்டுக்கு வா லான்னு சொல்லிடுவா. இன்னொரு வாட்டி விடவே மாட்டா."

மணி பத்து பன்னிரண்டு. வேறு வழியில்லை. அவரே எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு, போனை என் பக்கம் தள்ளிவிட்டார். ஒரு அடி பின்னால் வேறு போய் நின்றுகொண்டார்.

"அலோ?"

"அக்கா, நான் ஏர்லைன்ல ஸ்டெல்லா பேசுறேன். உங்க வீட்டுக்காரர் இங்கதான் இருக்காரு, நல்லா இருக்காரு. ஒரு சின்ன உதவி..."

சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கெட் இல்லாமல் ஏற்ற முடியாது, பொய் டிக்கெட்டை அவர் வேண்டாம் என்கிறார், படகு டிக்கெட் இருந்தால் போகலாம், பதினெட்டு நிமிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது. ஆறுமுகம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"படகுல லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கக்கா. அங்க எங்க ஆபீசர்கிட்ட கேட்டுச் சொல்லவும் செய்றேன்."

"அவருக்கு நீச்சல் தெரியாது. தெரியும்னு சொல்லுவாரு, நம்பாதீங்க. லிங்க்கை அனுப்புங்க. அடுப்ப அணைச்சுட்டு வரேன்."

ஆறுமுகம் அண்ணன் கண்ணைத் திறந்தார். "பாக்கியம், நெசமாவா?"

"பின்ன? ஸ்ரீ கெம்பாங்கான்ல எங்கக்கா வீட்டுல ஏழு வாரம் தங்கப் போறேன்னு துணியெல்லாம் கட்டி வச்சிருக்கேன். இப்ப நீங்க திரும்பி வந்தா என் பிளான் என்னா ஆவறது?"

பக்கத்துக் கவுன்டரில் நின்ற பயணிகள்கூடச் சிரித்துவிட்டார்கள். ஆனால் சிரிக்க நேரமில்லை. பாக்கியம் அக்கா படகு நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து பெயரை அடித்தார். ஏற்கவில்லை. மறுபடி அடித்தார். சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது.

"சரியாத்தானே போடுறேன்! பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே ஆறுமுகம், ஏ, கோடு, எல், சுப்பையா."

எனக்குப் புரிந்துவிட்டது. நம் பாஸ்போர்ட்டில் இன்னாருடைய மகன் என்பதற்கு ஏ, எல் என்ற எழுத்துகளுக்கு நடுவே ஒரு சாய்கோடு இருக்கும் அல்லவா, அந்தக் கோட்டை வெளிநாட்டு இணையப் பக்கங்கள் பல விழுங்குவதில்லை. "அக்கா, அந்தக் கோட்டை மட்டும் விட்டுட்டு ஏ, எல் ரெண்டையும் சேர்த்துப் போடுங்க. குடும்பப் பேருன்னு கேட்டா சுப்பையான்னு போடுங்க." பிறகு பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னேன். தேதியை இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னேன். அவசரத்தில்தான் தேதி தப்பும். ஒரு முறை மாதமும் நாளும் இடம் மாறியிருந்தது, திருத்தினோம்.

பத்து இருபத்துநான்குக்கு டிக்கெட் வந்தது. பிரியா அதை அச்சடித்தாள். போன் பேட்டரியை நம்பி யாரையும் எல்லை தாண்ட அனுப்பாதீர்கள், கையில் காகிதம் இருக்கட்டும். போர்டிங் பாஸைக் கொடுத்தேன். பெரிய சாமான்களுக்கான வழியில் சிவப்புச் சைக்கிள் போயிற்று. ஆறுமுகம் அண்ணன் போனை எடுத்து, "போய்ட்டு வரேன் பாக்கியம்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து "சாமான் எல்லாம் பத்திரம், போனை ராத்திரி ஆப் பண்ணாதீங்க" என்று வந்தது. அவர் தொப்பியை ஆட்டிக்கொண்டே கேட் பக்கம் கிட்டத்தட்ட ஓடினார்.

பிரியா ஆனந்தமாக இருந்தாள். நான் இல்லை. அடுத்த மூன்று மணி நேரமும் போனையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாகச் செய்தும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அன்று தலைவலி இருந்தால் போதும், கதை மாறிவிடும். முடிவு எடுப்பது நம் வேலை. அந்த முடிவு என்ன ஆயிற்று என்று தெரியும்வரை காத்திருப்பதும் நம் வேலைதான்.

மதியம் சைகோனிலிருந்து மெசேஜ் வந்தது. 'அதிகாரி கேட்டார். இவர் படகு டிக்கெட்டைக் காட்டினார். அதிகாரி முத்திரை குத்திவிட்டு, சைக்கிளுக்கு எத்தனை கியர் என்று விசாரித்தார். லைஃப் ஜாக்கெட் உண்டு என்று மனைவியிடம் சொல்லிவிடவும்.' நான் உடனே பாக்கியம் அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் அப்போதே ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்தார்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு படம் வந்தது. படகின் முனையில் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டோடு விறைப்பாக நிற்கும் ஆறுமுகம் அண்ணன். கம்போடியாவில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில். தாய்லாந்தில் டயர் வெடித்து, ஒரு லோரியின் நிழலில் அந்த டிரைவரோடு உட்கார்ந்து சோறு சாப்பிடும் படம். பாஷை தெரியாமல் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "என்ஜினைப் பத்தி" என்றார். ஓய்வறையில் பிரியா ஒரு வரைபடத்தை ஒட்டி, அவர் வந்து சேர்ந்த ஊர்களில் ஊசி குத்தினாள். கார்கோ ஆட்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஏழாவது வாரம் புக்கிட் காயு ஹீத்தாமில் இருந்து போன் வந்தது. "சிஸ்டர், தாண்டிட்டேன்" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வெயிலு ஜாஸ்தி லா" என்றார்.

அவர் வீடு வந்து சேர்ந்த மறுவாரம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் பிரியாவையும் என்னையும் கூப்பிட்டார்கள். பாக்கியம் அக்காவை அன்றுதான் முதன்முதலில் நேரில் பார்க்கிறேன். குரலை வைத்துப் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். என் தோள் உயரம்தான் இருந்தார்.

"இவரு எட்டு கிலோ எறங்கிட்டாரு, எங்கக்கா சமையல்ல நான் மூணு கிலோ ஏறிட்டேன். கம்பெனிக்கு லாஸ் இல்ல" என்றார்.

ஆறுமுகம் அண்ணன் இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். புத்தம் புதியது.

"அடுத்த வாட்டி மாத்திப் போடலாம்னு இருக்கேன் சிஸ்டர். வீட்டுலேருந்தே சைக்கிள்ல கெளம்பி, ஹனோய் வரைக்கும் ஓட்டிட்டு, அங்கேருந்து ப்ளைட்ல வர்றது. இப்பவும் ஒன்வேதான். இதுக்கு நான் என்னா காட்டணும்?"

"பார்டர்லே கேட்டா அந்த ஹனோய் ப்ளைட் டிக்கெட்டையே காட்டலாம்ணே. இங்க வந்து இறங்கும்போது பாஸ்போர்ட் மட்டும் போதும். சொந்த வீட்டுக்கு வர்றவர்கிட்ட மறுபடி எப்பக் கெளம்புறீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

பாக்கியம் அக்கா ரசத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"நான் கேப்பேன்."